முற்றத்துக்குச் சிமெண்டு எதற்கு?

கோடை வந்துவிட்டால் சென்னையில் முதலில் தண்டனை பெறுவது வீட்டுத் தோட்டந்தான். "குடிக்கவே தண்ணீரைக் காணோம், செடிக்கு வேறா?" என்பார்கள் பெரியவர்கள். சில வீடுகளில் செடிகளைப் பிடுங்கிவிட்டு முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். பெருக்குவது எளிது, பூச்சி பொட்டு வராது. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போமா?

ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சென்ட் நிலம் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே ஒரே ஒரு சென்ட் முற்றத்தில் ஓராண்டில் விழும் மழை 56,000 லிட்டர்! 2019ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள் அல்லவா? அதில் ஒரு வாகன் சுமந்தது ஏறக்குறைய 50,000 லிட்டர்தான். மண் தரையானால் விழுந்த மழையில் ஒரு பங்காவது கீழே இறங்கிக் கிணற்றைச் சேரும். சிமெண்டுத் தரையோ பெரும்பகுதியைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாடித் தண்ணீருக்குக் குழி வெட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே முற்றத்தை மூடுவது என்ன கணக்கோ!

மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. கிணற்று நீரை மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். பிறகு அதே நீரை ரப்பர் குழாய் வழியாகக் கீழே செடிக்கு இறக்குகிறோம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்குக் குறையாது. செடிக்கு மாடி ஏறிவந்த தண்ணீர்தான் வேண்டுமா? போதாக்குறைக்கு, பகலெல்லாம் காய்ந்த சிமெண்டுத் தரை இரவில் அனலை வீச, மின்விசிறி விடியவிடியச் சுழல்கிறது.

அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் கறிவேப்பிலைக்குப் போதும். குளியலறை நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பலாம். சோப்பு கலந்ததைக் கீரைப் பாத்திக்கு விடக்கூடாது. வெயில் ஏறுமுன் ஊற்றி, பாத்தியின் மேல் சருகு பரப்பினால் ஈரம் எளிதில் காயாது. சருகைக் குப்பை என்று கொளுத்துகிறவர்களைக் கண்டால் நமக்கு வருத்தமாக இருக்கிறது.

எல்லாவற்றிலும் நமக்குப் பிடித்தது பானை முறை. மெருகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, கொசு முட்டையிடாதபடி மூடிவைக்க வேண்டும். சுற்றிலும் கத்தரி, வெண்டை, பாகல் விதைக்கலாம். துளை எதுவும் வேண்டாம். பானைச் சுவரே மெல்லக் கசியும். சுற்றியுள்ள மண் காய்ந்திருந்தால் அதிகம் கசியும், ஈரமாக இருந்தால் குறைந்துவிடும். வெயில் நேரே தாக்காத வேருக்கு நீர் போவதால் வீணாவது மிகச் சிறிது. வர்ணம் அடித்த பானை உதவாது. நாளடைவில் உப்புப் படிந்து கசிவு அடைபடும். அப்போது பானையை மாற்ற வேண்டியதுதான். பொங்கலுக்குப் பானை வாங்கும்போதே இன்னும் இரண்டு சேர்த்து வாங்கிவிட்டால் கோடைக்கு ஆயிற்று.