லாவெண்டர் ஏன் பால்கனியில் பிழைப்பதில்லை? எந்த ரகம் வாங்கலாம்?

ஆசையாக வாங்கிய லாவெண்டர் சில வாரங்களிலேயே வாடிப்போகிறதா? பெரும்பாலும் காரணம் தண்ணீர் பத்தாதது இல்லை, அதிகமானதுதான்.

எந்த ரகம்?

வாசனை எண்ணெய்க்குப் பெயர்போனது இங்கிலீஷ் லாவெண்டர். ஜம்முவின் பதர்வாவில் விளைவது இதுதான். இதற்குக் குளிர் வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் முயற்சிக்கலாம். சென்னைப் புழுக்கத்தில் கஷ்டம்.

சமவெளிக்கு, இலை ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும் பிரெஞ்சு லாவெண்டர் பரவாயில்லை. வெயிலை ஓரளவு தாங்கும். வாசனையில் கற்பூர நெடி கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

தொட்டியில் எப்படி?

● அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி நல்லது. மண்ணில் பெர்லைட் அல்லது கரடுமுரடான மணல் கலக்கவும்.
● தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் தேவை.
● மேல்மண் 2 அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். மழைக்காலத்தில் கூரைக்குக் கீழே நகர்த்திவிடவும்.
● உரம் அதிகமானால் இலைதான் வரும், பூ வராது.
● பூத்து முடிந்ததும் பச்சைத் தண்டை மட்டும் கத்தரிக்கவும். மரமாகிப்போன பழுப்புத் தண்டு பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது.

கவனிக்க: மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். பாவம்னு இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றினால், அவ்வளவுதான்!