கணவாய்க்கு ஃபிக்ஸட் டெபாசிட் கிடையாது!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முழுக்க ஃபில்டர் காபி வாசனை. நானோ உறையூர் மீன் மார்க்கெட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். நண்பனுக்குத் துணை. மாதக் கடைசியில் கைமாற்று கொடுக்கிற ஒரே ஆத்மா, மறுக்க முடியுமா?

ஊசிக் கணவாய் கேட்டான். கடைக்கார அம்மா எடுத்துப் போட்டதெல்லாம் உள்ளங்கை நீளம்.

"என்னம்மா, குஞ்சா இருக்கே?"

"குஞ்சா? வயித்தைக் கிழிச்சுப் பாருங்க தம்பி, முட்டை! உருவம்தான் சின்னது. இந்த சைஸுக்கு விலையும் கிடைக்கறதில்ல."

சைவப் பட்சியான எனக்கு அன்று தூக்கம் போயிற்று. தேடிப் படித்தேன். எல்லாம் நம்ம பி.காம். பாடம்தான் சார். கூட்டு வட்டி!

கணவாய்க்கு ஆயுசு சுமார் ஒரு வருஷம். தலைக்குள் இருக்கும் பொடிக் கல்லில் தினம் ஒரு வளையம் விழும். எண்ணினால் வயசு தெரிந்துவிடும். குஞ்சுப் பருவத்தில் எடை தினமும் சதவீதக் கணக்கில் ஏறும். தினம் 8 சதவீதம் என்றால் 90 நாளில் சுமார் ஆயிரம் மடங்கு. அதுவே 9 சதவீதம் என்றால்? இரண்டாயிரத்து முந்நூறு மடங்கு! கடல் லேசாகச் சூடானாலே இந்த வட்டி விகிதம் ஏறிவிடும்.

"பேஷ், நல்லதுதானே" என்று கிளம்பாதீர்கள். சூடு ஏறினால் பசியும் ஏறும். இரை இருந்தால் மளமளவென்று வளர்ச்சி. இல்லாவிட்டால் வளர்வதை நிறுத்திவிட்டு, அவசரக் கல்யாணம், முட்டை, மரணம்! 2009-10 எல்நினோவுக்குப் பிறகு மெக்ஸிகோ பக்கம் கலிபோர்னியா வளைகுடாவில், ஆள் உயரம் வளரக்கூடிய ஹம்போல்ட் கணவாய்கள் ஆறு மாசத்திலேயே, குட்டி சைஸிலேயே பருவத்துக்கு வந்துவிட்டன.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1996-97 சீஸனில் பிடித்த கணவாய் ஒரு லட்சம் டன்னுக்கு மேல். எல்நினோ வந்தது. 1998-ல் மூவாயிரம் டன்னைக்கூடத் தொடவில்லை! 1999-ல் மறுபடி சுமார் தொண்ணூறாயிரம் டன்.

ஏன் இந்த ஊஞ்சல்? பல வருஷம் வாழும் மீன் இனத்துக்குப் பழைய தலைமுறை என்ற ஃபிக்ஸட் டெபாசிட் உண்டு. கணவாய்க்கு வெறும் கரண்ட் அக்கவுண்ட். இந்த வருஷக் குஞ்சு பிழைத்தால்தான் அடுத்த வருஷ வலை நிறையும்.

மார்க்கெட்டில் பார்த்த அந்த ஒரு கூடையை வைத்து 'கடலே மாறிப்போச்சு' என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வவுச்சரை வைத்து பாலன்ஸ் ஷீட் போடக் கூடாது. அதற்குப் பல வருஷ அளவுகள் வேண்டும். 1947-ல் தொடங்கி, மண்டபத்தில் வளர்ந்து, பிறகு கொச்சிக்குப் போன மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் செய்வது அந்தக் கணக்கு வேலைதான். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தேதி நாம் போட்டது. கணவாய் எப்போது முட்டையிடும் என்பதை நம் காலண்டர் தீர்மானிப்பதில்லையே!

அடுத்த ஞாயிறு அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"காவேரி வத்தினா உங்களுக்கு மணல் தெரியும் தம்பி. கடல் வத்தாது. எங்களுக்குக் கூடையோட அடிதான் தெரியும்."