மழை இல்லாத மாதங்கள்: செனகலின் சேன் லூயி நகரம் பற்றிச் சில குறிப்புகள்

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போகணும்னா எந்த மாதம் நல்லது? எந்தப் பயணக் கையேட்டைப் புரட்டினாலும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மழை இல்லாத காலம். செனகலின் வடகோடிக்கு அது ஏறத்தாழ நவம்பரிலிருந்து ஜூன் வரை. கொசு குறைவு, சாலை சேறாகாது, வானம் தெளிவா இருக்கும். எல்லாம் சரிதான். ஆனால் மழை இல்லாத காலம்னா ஒன்றும் நடக்காத காலம் என்று நினைத்துவிடக் கூடாது. சேன் லூயியைப் பொறுத்தவரை நகரத்தை வாழவைப்பதும் அந்த மாதங்கள்தான், அதன் வீடுகளைக் கடலுக்குள் இழுப்பதும் அந்த மாதங்கள்தான். இது எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

(அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வேறு. இது தக்காருக்கு வடக்கே சுமார் 260 கிலோமீட்டர் தள்ளி, மோரித்தானியா எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். உள்ளூர் வொலோஃப் மொழியில் இதற்கு ந்தார் என்று பெயர்.)

ஊர் எப்படி அமைந்திருக்கிறது

மூன்று பகுதிகளை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். நடுவில், செனகல் ஆற்றுக்குள், ஒரு ஒடுங்கிய தீவு. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அகலம் 400 மீட்டர்கூட இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1659-ல் கோட்டை கட்டியது இங்கேதான். 1902 வரை இது பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் தலைநகரம். மர பால்கனி வைத்த பழைய வியாபாரி வீடுகள் இன்னும் இருப்பதால் 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

தீவுக்குக் கிழக்கே நிலப்பகுதி, சோர். இரண்டையும் இணைப்பது 1897-ல் திறந்த ஃபெதெர்ப் இரும்புப் பாலம், அரை கிலோமீட்டர் நீளம். தீவுக்கு மேற்கே, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில், லாங்க் த பார்பரி என்கிற மணல் நாக்கு. சில இடங்களில் அதன் அகலம் இருநூறு, முந்நூறு மீட்டர்தான். அதன் மேல்தான் கெத் ந்தார் என்ற மீனவர் குடியிருப்பு, ஆப்பிரிக்காவிலேயே மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறு பக்கம் ஆறு. பின்வாங்க இடமே கிடையாது.

இரண்டு காற்று

சகாராவின் ஓரத்தில் இருக்கிற ஊர் என்றதும் எந்நேரமும் வெயில் கொளுத்தும் என்று நினைக்கத் தோன்றும். ஜனவரியில் இங்கே இரவு வெப்பம் 16 டிகிரி அளவுக்கு இறங்கும். ஸ்வெட்டர் இல்லாமல் போகிறவர்கள் திண்டாடுவார்கள்.

காரணம், இந்தக் காலத்தில் இரண்டு காற்றுகள் மாறி மாறி வீசுகின்றன. கடலோரமாக வடக்கிலிருந்து வருவது குளிர்ந்த கடற்காற்று. வடகிழக்கிலிருந்து, பாலைவனத்தின் மேல் தவழ்ந்து வருவது ஹர்மத்தான்: வறண்டது, தூசி நிறைந்தது. எது மேலோங்குகிறதோ அதைப் பொறுத்து நாள் மாறும். கடற்காற்று இருந்தால் இதமான வெயில். ஹர்மத்தான் பிடித்துக்கொண்டால் சூரியன் வெளிறிப் போய் நிலா மாதிரி தெரியும். உதடு வெடிக்கும், தொண்டை கரகரக்கும். மார்ச் முதல் மே வரை ஹர்மத்தான் வீசும் நாட்களில் வெப்பமும் சேர்ந்துகொள்ளும்.

மழைக் காற்று தெற்கிலிருந்து இங்கே ஏறி வருவது ஜூலை வாக்கில்தான். அதுவும் அக்டோபருக்குள் திரும்பிவிடும். ஆண்டு முழுக்கப் பெய்வதே 300 மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

காற்று எப்படி மீனைக் கொண்டுவருகிறது

வடக்கிலிருந்து கரையை ஒட்டி வீசும் காற்று கடலின் மேல்நீரைத் தள்ளும். பூமி சுழல்வதால், வடகோளத்தில் நகரும் நீர் வலப்புறமாக விலகும். தெற்கு நோக்கிப் போகும் நீருக்கு வலப்புறம் எது? மேற்கு, அதாவது ஆழ்கடல். ஆக மேல்நீர் கரையை விட்டு விலக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதில் சத்துப் பொருட்கள் நிறைய. வெளிச்சம் படும் இடத்துக்கு அது வந்ததும் நுண்ணுயிர்ப் பாசி பெருகும், அதைத் தின்ன சிறுமீன் கூட்டம் வரும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். உலகின் வளமான மீன்பிடிக் கடல்களில் இது ஒன்றாக இருப்பதற்கு இதுதான் அடிப்படை.

கெத் ந்தாரின் வண்ணம் பூசிய நீள மரப்படகுகள் குறிவைப்பது பெரும்பாலும் மத்தி இனத்தைச் சேர்ந்த சார்டினெல்லாவை. வந்த மீனைப் பெண்கள் உப்பிட்டும் புகைபோட்டும் காயவைக்கிறார்கள். மழை இல்லை, காற்றோ வறண்டது. மீன் காய இதைவிட என்ன வேணும்? கெஜ் என்று அவர்கள் சொல்வது நம் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு, புளிக்கவைத்துக் காயவைப்பது. செனகலின் தேசிய உணவு எனப்படும் செபு ஜென் பிறந்த ஊரும் இதுதான் என்பார்கள். மீன், தக்காளி, காய்கறி வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவைப்பது. 2021-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. அதற்குப் போடுவது முழு அரிசி இல்லை, நொய். பிரெஞ்சுக் காலத்தில் இந்தோசீனாவிலிருந்து மலிவாக வந்திறங்கிய நொய் அப்படியே ருசியாகிவிட்டது.

இப்போது சிக்கல் என்னவென்றால், மீனுக்கு எல்லை தெரியாது, படகுக்கு உண்டு. மீன் கூட்டம் மோரித்தானியக் கடலுக்கும் செனகல் கடலுக்கும் இடையே பருவத்துக்கேற்பப் போய்வரும். எல்லை ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கெத் ந்தார்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வடக்கே போய்தான் பிடித்தார்கள். 2018 ஜனவரியில் ஓர் இளம் மீனவர் மோரித்தானியக் கடற்காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோது ஊரே கொந்தளித்தது. அதே ஆண்டு இரு நாடுகளும் உரிமம் தரும் ஒப்பந்தத்துக்கு வந்தன. இதோடு, கரைக்கு அப்பால் இரு நாடுகளின் கடல் எல்லையில் பெரிய இயற்கை எரிவாயுத் திட்டம் ஒன்று 2025-ல் ஏற்றுமதியைத் தொடங்கியது. அதன் கட்டுமானங்களைச் சுற்றிப் படகுகள் நெருங்கக் கூடாது. மீன் அதிகம் கூடும் இடம் அதுதான் என்பது மீனவர்களின் குறை.

அதே காற்று எப்படி வீட்டை எடுக்கிறது

இந்த மாதங்களில் வட அட்லாண்டிக் புயல்கள் கிளப்பும் பேரலைகள் வடமேற்கிலிருந்து வந்து கரையில் சாய்வாக மோதும். சாய்வாக மோதும் அலை மணலைப் பக்கவாட்டில் நகர்த்தும். இங்கே தெற்கு நோக்கி, ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். மணல் நாக்கு உருவானதே இப்படித்தான். ஆற்றின் வாயைத் தெற்கே தெற்கே தள்ளிக்கொண்டு அது நீண்டது. 2003 வாக்கில் ஆற்றுவாய் நகரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே இருந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் வெள்ளம். ஆற்று நீர் வருவது தொலைவில் கினியாவின் மலைகளிலிருந்து. அங்கே பெய்த மழை இங்கே வந்து சேரும்போது உள்ளூர் மழை முடிந்துகொண்டிருக்கும். நகரம் மூழ்கிவிடும் என்ற அவசரத்தில், ஊருக்கு 7 கிலோமீட்டர் தெற்கே மணல் நாக்கின் குறுக்கே 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வெள்ளம் வடிந்தது. ஆனால் பாய்ந்த நீர் மணலை அரித்து, சில நாட்களில் வாய்க்காலை 200 மீட்டருக்கு மேல் அகலமாக்கியது. அதோடு நிற்கவில்லை, பின்னர் அது கிலோமீட்டர் கணக்கில் விரிந்து ஆற்றுக்கே புது முகத்துவாரமாகிவிட்டது.

விளைவுகளை வறண்ட காலத்தில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். மேலே தியாமா அணை 1986-ல் கட்டப்பட்டது. அதற்கு முன் ஆற்றில் நீர் குறையும் மாதங்களில் கடல்நீர் 200 கிலோமீட்டர் வரை உள்ளே ஏறுமாம். அணை அதைத் தடுத்தது. ஆனால் அணைக்குக் கீழே இருக்கிற பகுதியில், புது முகத்துவாரம் வழியாகக் கடல் இப்போது நேராகவே உள்ளே வருகிறது. தூன் பாபா ஜெய் என்ற தீவுக் கிராமம் அழிந்து, மக்கள் வெளியேறிவிட்டார்கள். வெங்காயத்துக்குப் பேர் போன காந்தியோல் பகுதியில் கிணறுகள் உப்பாகின. கரை காக்க நட்ட சவுக்கு மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன.

கெத் ந்தார் இடிவதற்கு இந்த வாய்க்காலை மட்டும் குறை சொல்ல முடியாது. கடல்மட்டம் உயர்கிறது, அலை பலமானது, வீடுகளோ கரை விளிம்பிலேயே இருக்கின்றன. 2017, 2018 ஆண்டுகளின் அலைச் சீற்றத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அவர்களில் பலரை உலக வங்கி உதவியோடு உள்நிலத்தில் ஜூகோப் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதுகாப்பான இடம்தான். ஆனால் படகும் வலையும் கடற்கரையில் இருக்க, மீனவர் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தால் தினமும் விடியலுக்கு முன் எப்படி வந்துபோவது? மீன் பதப்படுத்தும் பெண்களுக்கும் இதே கேள்விதான். கடற்கரையில் இப்போது பாறைச் சுவர் எழுந்திருக்கிறது. அது அலையைத் தாங்குகிறது. ஆனால் படகை இழுத்து ஏற்ற மணல் வேணுமே.

பிசினும் நீலத்துணியும்

ஹர்மத்தானுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நம் கருவேல மரத்தின் உறவான ஒரு முள்மரம் ஆற்றின் வடகரையில் வளர்கிறது. வறண்ட காற்றில் அதன் பட்டை வெடித்துப் பிசின் வடியும். ஐரோப்பாவில் துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டியாக்க இந்தப் பிசின் தேவைப்பட்டது. பாலைவன மூர் வணிகர்கள் அதை ஆற்றங்கரைச் சந்தைகளுக்குக் கொண்டுவருவார்கள். அதைச் சேகரித்த உழைப்பில் பெரும்பகுதி அடிமைகளுடையது. சேன் லூயி வியாபாரிகள் படகேறிப் போய் வாங்குவார்கள்.

எதைக் கொடுத்து வாங்கினார்கள்? 18, 19ஆம் நூற்றாண்டுகளில் முக்கியமாகப் புதுச்சேரியிலிருந்து வந்த அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணியை. பிரெஞ்சில் அதற்கு கினே என்று பெயர். அது உடுத்தும் துணி மட்டுமில்லை. பிசின் விலையே அத்தனை துண்டு கினே என்றுதான் பேசப்பட்டது, கிட்டத்தட்டப் பணம் மாதிரி. பிரான்சில் போலி செய்து பார்த்தார்கள். மூர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆக, தமிழ்நிலத்து நெசவாளரும் சாயக்காரரும் தாங்கள் பார்த்தே இராத ஒரு பாலைவனத்தின் ரசனைக்கு வேலை செய்திருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிக நல்ல காலம். ஆண்டுக் கடைசியில் ஃபனால் என்ற விளக்கு ஊர்வலம் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜூஜ் பறவைகள் சரணாலயத்துக்கு இதுதான் பருவம். ஐரோப்பாவிலிருந்து சகாராவைத் தாண்டி வரும் பறவைகளுக்கு முதலில் கிடைக்கும் நன்னீர்களில் ஒன்று அது. கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே குஞ்சு பொரிக்கின்றன. நாள் போகப் போக நீர் வற்றும் என்பதால் ஏப்ரலுக்குள் போய்விடணும்.

தூசிக்கு ஒரு துண்டு, உதட்டுக்குக் களிம்பு, இரவுக்கு ஸ்வெட்டர். கெத் ந்தாருக்குள் போனால் உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்க, கேட்காமல் படம் எடுக்காதீங்க. இடிந்த சுவர் நமக்குக் காட்சி, அவங்களுக்கு வீடு. தீவின் அழகான பால்கனிகளோடு திரும்பிவிடாமல், பாலம் தாண்டி மணல் நாக்குக்கும் ஒரு மாலை போங்க. படகுகள் கரையேறும் நேரம் அது. பெட்டிகளில் என்ன மீன் இருக்கிறது, எத்தனை பெட்டி காலியாக வருகிறது என்று பாருங்க. இந்த ஊரின் நிலைமை உங்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.