24 மைக், 8 பாதை!
ஒலிப்பதிவு மேஜையின் சூட்சுமம்

மும்பை ஒலிப்பதிவுக் கூடங்களில் கேபிள் இழுக்கப் போகும் நம் பிள்ளைகள் கற்க வேண்டிய முதல் வித்தை, ரூட்டிங். எந்த ஒலி எங்கே போவது என்று வழிவிடுவது.

ரயில்வே யார்டு போலத்தான். வண்டிகள் பல, பிளாட்பாரங்கள் சில. பாயிண்ட் மாற்றி அனுப்ப வேண்டும்.

லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு 1968-ல் வந்த டி.ஜி.12345 மேஜையில் மைக் வரவு 24. டேப்புக்குச் செல்லும் பாதைகள் 8. பீட்டில்ஸ் குழுவின் "ஆபி ரோடு" இசைத்தட்டில் பெரும்பகுதி 1969-ல் அதில்தான் பதிவானது.

ஒரே பாதையில் ஆபத்து

பாட்டையும் தபேலாவையும் ஒரே பாதையில் ஏற்றினால், பிறகு தபேலாவை மட்டும் குறைப்பது பெரும்பாடு. எல்லோரும் மறுபடி வாசிக்க நேரும். ஸ்டூடியோ வாடகை இரட்டிப்பு!

பாடகரின் ஹெட்போனுக்குத் தனி வழி உண்டு. அதன் பெயர் ஆக்ஸ். அதை ஃபேடருக்கு முன்னால் பிரிக்க வேண்டும். பின்னால் பிரித்தால், மேஜையில் ஃபேடரை இறக்கும்போது பாடகர் காதிலும் ஒலி இறங்கிவிடும். சுருதி தடுமாறும்.

எனவே, பதிவுக்கு முன் ஒவ்வொரு மைக்கிலும் பேசிப் பாருங்கள். எந்த மீட்டர் அசைகிறதோ, அந்தப் பாதையைத் தாளில் குறியுங்கள்.

சிக்கல் வந்தால், அந்தத் தாள் வைத்திருப்பவரைத்தான் எஞ்சினீயர் முதலில் கூப்பிடுவார்.