எடை இறங்கவில்லை... பேண்ட் மட்டும் லூசு!
தொப்பையும் கரையணும், தசையும் ஏறணும் - ரெண்டும் ஒண்ணா நடக்குமா?

"மூணு மாசமா தண்டால், பஸ்கி எடுக்கிறேன் சார். சாப்பாட்டையும் பார்த்துத்தான் சாப்பிடறேன். மெஷின்ல ஏறினா அதே 68 கிலோதான் காட்டுது. ஆனா பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது! மெஷின் கெட்டுப் போச்சா?"

உடற்பயிற்சியில் புதிதாக இறங்கியவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது.

மெஷின் கெடவில்லை. மொத்த எடையைச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அதில் கொழுப்பு எத்தனை கிலோ, தசை எத்தனை கிலோ என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது.

மளிகைக் கடைத் தராசுக்குப் பஞ்சும் ஒன்றுதான், படிக்கல்லும் ஒன்றுதான். ஆனால், அடைத்துக் கொள்ளும் இடம் ஒன்றா? அதே எடையுள்ள தசையைவிடக் கொழுப்பு கூடுதல் இடம் பிடிக்கும். உடம்பில் 2 கிலோ கொழுப்பு போய் 2 கிலோ தசை வந்தால் மெஷினின் முள் அசையாது. இடுப்பு மட்டும் இறங்கிவிடும்.

ஆக, ரெண்டும் ஒன்றாக நடக்குமா என்றால், நடக்கும்! ஆனால் கொழுப்பே தசையாக மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு சரக்கு. ஒன்று வெளியே போக வேண்டும், மற்றொன்று புதிதாக வர வேண்டும்.

இரண்டு டாக்டர்கள், ஒரே கணக்கு

இது ஏதோ பயில்வான்களின் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் தொப்பை என்று மின்சார ரயிலில் போய் வரும் எத்தனையோ ஆபீஸ் ஊழியர்களின் பிரச்சினை இது. "நான் ஒல்லிதானே, எனக்கென்ன?" என்று அவர்கள் இருந்து விடுகிறார்கள்.

2004-ம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு வேடிக்கை காட்டினார்கள். ஒருவர் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக். மற்றவர் லண்டன் டாக்டர் யுட்கின்.

உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் 22.3. அச்சு அசலாக ஒன்று! ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்து பார்த்தபோது, லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேகாரருக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்!

பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியர்கள் பலருக்கு உடம்புவாகே இப்படித்தான் என்கிறார்கள் டாக்டர்கள்.

சர்க்கரைக்கு இடம் எங்கே?

சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும் பகுதியை வாங்கி வைத்துக் கொள்ளும் குடோன் தசைதான். குடோன் சின்னதாக இருந்தால் சரக்கு தெருவில் கிடக்கும். அதாவது, ரத்தத்திலேயே நிற்கும். அதோடு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அது சொல்லிற்று.

பட்டினி கிடந்தால் போதாதா?

போதாது. வெறுமனே சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கினால், இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்லாத சரக்காகவே போய்விடும். அதில் தசையும் உண்டு. "ஆள் இளைச்சிட்டார், ஆனா முகமெல்லாம் வாடிப் போச்சே" என்று அக்கம்பக்கத்தார் சொல்வது சும்மா இல்லை.

பிறகு பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்புதான். போனது இரண்டு சரக்கு, வந்தது ஒரு சரக்கு. இது நஷ்டக் கணக்கு!

இரண்டு பேரேடு

சரி, சாப்பாட்டையும் குறைக்க வேண்டும், தசையும் வளர வேண்டும் என்றால் எப்படி?

இங்கே இரண்டு பேரேடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று எரிபொருள் கணக்கு. மற்றது கட்டட வேலைக் கணக்கு. அடுப்புக்கு விறகு, சுவருக்குச் செங்கல்.

சாப்பாட்டில் விறகைக் கொஞ்சம் குறைத்தால், உடம்பு தன் கையிருப்பான கொழுப்பை எடுத்து எரிக்கும். ஆனால் செங்கல் குறையக் கூடாது. தசைக்குச் செங்கல், புரதச்சத்து. கொத்தனாரை வேலைக்கு அழைப்பது, பளு தூக்கும் உடற்பயிற்சி. செங்கல் இருந்தும் கொத்தனார் வராவிட்டால் சுவர் எழும்பாது. கொத்தனார் வந்து செங்கல் இல்லாவிட்டாலும் அதே கதைதான்.

கனடாவில் நடந்த சோதனை

கனடா நாட்டு மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது.

உடம்பு பருத்த 40 இளைஞர்கள். 4 வாரம். தேவையான சாப்பாட்டில் 40 சதவீதம் வெட்டு! வாரத்தில் 6 நாள் கடுமையான உடற்பயிற்சி. ஒரு பிரிவுக்குக் கிலோ எடைக்கு 1.2 கிராம் வீதம் புரதம். மற்றப் பிரிவுக்கு அதைப் போல இரு மடங்கு, 2.4 கிராம்.

புரதம் குறைவாகச் சாப்பிட்ட பிரிவில், சராசரியாக ஒருவருக்கு 3.5 கிலோ கொழுப்பு கரைந்தது. கொழுப்பு நீங்கலான உடம்பு எடை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அதிகம் சாப்பிட்ட பிரிவில் 4.8 கிலோ கொழுப்பு போயிற்று. கொழுப்பு நீங்கலான எடை 1.2 கிலோ ஏறியது!

கூட்டிக் கழித்துப் பார்த்தால், எடை மெஷினில் இரு பிரிவுக்கும் சுமார் 200 கிராம்தான் வித்தியாசம். உடம்புக்குள்ளே கொழுப்பில் மட்டும் 1,300 கிராம் வித்தியாசம்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஆராய்ச்சியாளர்களின் கண்காணிப்பில் நடந்த சோதனை. வீட்டில் யாரும் 40 சதவீதம் வெட்டக் கூடாது. பலகாரம், இனிப்பு, இரண்டாவது முறை போடும் சோறு, சர்க்கரை போட்ட காபி, டீ - இவற்றில் கை வைத்தாலே பலருக்குப் போதும்.

சமையல்கட்டிலேயே இருக்கிறது

சாதாரண ஆளுக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020-ம் ஆண்டுக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு இது 50 கிராம். பளு தூக்கித் தசை ஏற்ற விரும்புகிறவர் 1.2 முதல் 1.6 கிராம் வரை போகலாம். 60 கிலோ ஆளுக்கு 72 கிராமில் ஆரம்பிக்கலாம்.

டப்பா பவுடர் வாங்கினால்தான் கிடைக்குமா? வேண்டியதில்லை.

2 முட்டையில் 12 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். 200 கிராம் தயிரில் 6 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 9 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம். இதுவே 53 கிராம் ஆயிற்று! மீதி, பருப்பு, இட்லி, சோற்றில் வந்துவிடும். சைவமா? மீனுக்குப் பதில் 40 கிராம் மீல் மேக்கர் போட்டால் அதே 20 கிராம்.

ஒரு தட்டுச் சோறும் ஒரு கரண்டி சாம்பாரும் வயிற்றை நிரப்பும். செங்கல் கணக்கை நிரப்பாது. சோற்றைக் கொஞ்சம் இறக்கி, சுண்டலைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

தண்டாலும் பஸ்கியும்

'சாண்டோ பனியன்' போடாத வீடு இல்லை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யூஜின் சாண்டோ, 1867-ல் பிறந்த ஜெர்மானியப் பயில்வான். சினிமாத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கு உடற்பயிற்சியால் வந்த 'சாண்டோ' பட்டமும் அவர் பெயர்தான். அந்தக் காலத்துத் தண்டாலும் பஸ்கியும் இன்றைக்கும் செல்லும்.

முதலில் சுவரில் கை ஊன்றித் தண்டால். அது சுலபமானதும் மேஜை. பிறகு தரை. பஸ்கி வராதவர் நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்கட்டும். 10 தடவை, 3 சுற்று. கடைக்காரருக்கு 5 கிலோ அரிசிப் பையே பளு.

முக்கியம்: சுலபமாகி விட்டால் பளுவை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் தசைக்கு வளர வேண்டிய அவசியம் இல்லை. வாரம் 2 அல்லது 3 நாள் போதும். நடையையும் விட வேண்டாம்.

தொப்பைக்கு மட்டும் தனிப் பயிற்சி, பெல்ட், எண்ணெய் என்று யாராவது விற்றால் காசைப் பத்திரப்படுத்திக் கொள்ளவும். கொழுப்பு எங்கிருந்து கரைய வேண்டும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கிறது.

கரைந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் என்பார்கள் பலர். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ மூச்சுக் காற்றில் கரியமில வாயுவாகப் போகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. 2014-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் போட்ட கணக்கு இது!

யாருக்குப் பலிக்கும்?

புதிதாக ஆரம்பிப்பவர், தொப்பை உள்ளவர், விட்டுப்போய்த் திரும்ப வருபவர் - இந்த மூவருக்கும் ரெண்டும் ஒன்றாக நடப்பது சுலபம். ஏற்கெனவே கட்டுமஸ்தாக இருப்பவருக்குத்தான் கஷ்டம்.

"பளு தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆயிடுவேனே" என்று பெண்கள் பயப்பட வேண்டாம். அதற்கான ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு. வயதும் தடையில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் சராசரி 90 வயதான முதியவர்களுக்கு 8 வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். பலம் 174 சதவீதம் கூடியது என்று 1990-ல் அறிவித்தார்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரைக்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். இருதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கேட்டுவிட்டே பளு தூக்க வேண்டும். சீக்கிரம் தசை வரும் என்று யாராவது ஊசி போட அழைத்தால், அந்தப் பக்கமே போகக் கூடாது.

டெய்லர் டேப் போதும்

பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். அதுவரை தினமும் மெஷினில் ஏறி மனம் வெறுத்துப் பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு டெய்லர் டேப் ஒன்று போதும். மாதம் ஒரு தடவை, காலையில் வெறும் வயிற்றோடு, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இடுப்பை அளந்து காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

இந்தியர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் ஆபத்து. அளவு இறங்கி, தண்டால் எண்ணிக்கை ஏறினால் சரியான பாதையில் போகிறார் என்று அர்த்தம். மெஷின் அதே 68 கிலோ காட்டினால் காட்டட்டும்!