ஊழியர் துவண்டுபோகாமல் இருக்க மேலாளர் என்ன செய்யலாம்?

ஒரு வேலை கெட்டுப்போகிறது. ஒருவர் மறுநாளே அதைச் சரிசெய்யும் வழியைத் தேடுகிறார். இன்னொருவர் வாரக்கணக்கில் ஒடுங்கிப்போகிறார். முதலாமவரிடம் இருப்பதை மீள்திறன் (அடி விழுந்தபின் தேறி எழும் வலு) என்கிறார்கள்.

அது அவரவர் மன உறுதிதானே? ஓரளவுக்குத்தான். மேலாளர் நடந்துகொள்ளும் விதமும் அதைக் கூட்டும், குறைக்கும்.

இதற்குச் சான்று உண்டா? ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில், அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டிலோ அங்கேதான் அதிகம் இருந்தது! அந்தக் குழுக்களில் நர்சுகள் பயமின்றித் தவறுகளைச் சொன்னார்கள். மற்ற இடங்களில் பயந்து மறைத்தார்கள். இந்தப் பயமின்மையை அவர் 1999இல் உளப் பாதுகாப்பு (உண்மையைச் சொன்னால் அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை) என்று விளக்கினார்.

மறைத்தால் என்ன கெடும்? மறைப்பவர் பாரத்தைத் தனியாகச் சுமக்கிறார். உதவி கிடைப்பதில்லை, அதே தவறு திரும்பவும் நேர்கிறது.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா? வேண்டும். வேலையின் தரத்தில் கண்டிப்பாக இருங்கள், ஆளைச் சிறுமைப்படுத்தாதீர்கள்.

நீங்கள் மேலாளரா? தவறு தெரிந்ததும் "யார் செய்தது?" என்று தொடங்காமல், "என்ன நடந்தது? என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். கண்டிக்க வேண்டியதை வாட்ஸ்அப் குழுவில் போடாமல், தனியே அழைத்துச் சொல்லுங்கள். கெடுவை நீங்கள் வைத்தாலும், எப்படிச் செய்வது என்பதை அவரிடம் விடுங்கள். வேலைச்சுமை மிகுந்து, முடிவெடுக்கும் உரிமை குறைந்தால் மன அழுத்தம் ஏறும் என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979லேயே எழுதினார்.

நீங்கள் ஊழியரா? கெட்ட செய்தியைத் தள்ளிப்போடாமல், முடிந்தால் ஒரு தீர்வோடு சேர்த்துச் சொல்லுங்கள். நம்பகமான சக ஊழியர் ஒருவரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள்.

இவ்வளவு செய்தும் அவமானம் தொடர்கிறதா? "நான் பலவீனமானவன்" என்று முடிவுகட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல், பணிச்சோர்வு (தீராத வேலை அழுத்தத்தால் வரும் களைப்பு) வேலையோடு தொடர்புடையது என்றே வரையறுத்தது. மனிதவளப் பிரிவிடம் பேசுங்கள், வேறு பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். தேவைப்பட்டால் வேறு வேலை தேடுவதும் தோல்வி ஆகாது.