செவிக்கு விருந்தளித்த சாத்தான்குளத்துக் குரல்

பழகிய முகம் ஒன்று மறைந்தால் மனம் கலங்குவது இயல்பு. ஆனால் ஒருமுறைகூட நேரில் காணாத ஒருவருக்காக, அவரது குரலை மட்டுமே அறிந்தவர்கள் கலங்குவது அரிது. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் அந்த அரிய நிகழ்ச்சி நடந்தது. அன்றுதான் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையாளர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமது 81-ஆம் வயதில் மறைந்தார்.

சாத்தான்குளம் நமக்குத் தொலைதூர ஊர் அன்று. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாசரேத் வழியாகத் தெற்கே சென்றால் வந்துவிடும். தாமிரபரணியின் பசுமை முடிந்து, தேரியின் செம்மணலும் பனைமரமும் தொடங்கும் மண் அது. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகும்வரை நாமும் அவர்களும் ஒரே நெல்லை மாவட்டத்தினர். கடல் கடந்து வரும் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த பகுதி இது. 1963-இல் திருநெல்வேலியிலும் வானொலி நிலையம் வந்தது. நல்ல குரலையும் நல்ல தமிழையும் இனங்கண்டு பாராட்டும் காதுகள் இங்கே எப்போதும் இருந்தன. அந்த மண்ணின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டே ஜப்பார் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார்.

1980-ஆம் ஆண்டு, சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடும் கேரளமும் ஆடிய ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் அவரது வானொலி வர்ணனை தொடங்கியது. கூத்தபிரான், ராமமூர்த்தி போன்றோரும் தமிழில் வர்ணித்துப் புகழ் பெற்றவர்களே. இவர்கள் அனைவரும் சேர்ந்து செய்த தொண்டு என்ன? ஆங்கிலம் படித்தவர்களின் ஆட்டம் என்று ஒதுங்கி நின்றவனையும் வானொலிப் பெட்டியின் அருகே அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அதுவரை ஆங்கில வர்ணனையில் எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தவன், ஆட்டத்தையே கேட்கத் தொடங்கினான்.

வர்ணனை என்பது பார்த்ததைச் சொல்வதுதானே, அதில் என்ன கலை இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர்கள். அதாவது 540 பந்துகள். ஆட்ட நேரம் ஆறு மணி. ஆகவே ஒரு பந்துக்குக் கிடைப்பது சுமார் 40 விநாடி. பந்து வீச்சாளர் ஓடி வந்து வீசி, மட்டையாளர் அடித்து, பந்து நிற்பதற்குள் பெரும்பாலும் பத்து விநாடிகூட ஆவதில்லை. மீதி முப்பது விநாடி ஆடுகளத்தில் ஒன்றும் நடப்பதில்லை! அந்த வெறுமையை நிரப்புவதே வர்ணனையாளரின் வேலை. வாலாஜா சாலை முனையிலிருந்து வீசுபவர் யார், களத்தடுப்பு எப்படி மாறியிருக்கிறது, மொத்த ஓட்டங்கள் எத்தனை என்று சொல்ல வேண்டும். இப்போதுதான் வானொலியைத் திருப்பியவனுக்கும் புரிய வேண்டும். காலையிலிருந்து கேட்பவனுக்கும் சலிக்கக் கூடாது. இத்தனைக்கும் கையில் எழுதி வைத்த தாள் கிடையாது.

அடுத்தது சொற்களின் சிக்கல். மட்டையாளர், சுழற்பந்து, களத்தடுப்பு, எல்லைக்கோடு என்பவை தமிழில் இயல்பாய் அமைந்துவிட்டன. ஆனால் ‘சில்லி பாயிண்ட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். பெயர் எதுவாயினும், மட்டையாளரின் மூச்சுக்காற்றுப் படும் தூரத்தில் ஒருவர் குனிந்து நிற்கிறார் என்பதல்லவா கேட்பவனுக்கு வேண்டும்! எதைத் தமிழாக்குவது, எதை அப்படியே விடுவது, எதை விளக்கிச் சொல்வது என்பதை அந்த நொடியிலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் கடைசி நாள். இந்தியா வெல்ல 348 ஓட்டங்கள் தேவை. 347-ஐ எட்டிய நிலையில், கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் கிரெக் மாத்யூஸ் மணிந்தர் சிங்கை வீழ்த்தினார். டெஸ்ட் வரலாற்றில் 1960-க்குப் பிறகு இரண்டாவது முறையாக இரு அணிகளின் ஓட்டங்களும் சரிக்குச் சரி! இதை ‘வெற்றி தோல்வியின்றி முடிந்தது’ என்று சொல்லி நிறுத்தினால், நேரம் போதாமல் நின்றுபோகும் வழக்கமான ‘டிரா’ என்றே கேட்பவன் நினைப்பான். ‘சமனில் முடிந்தது’ என்ற ஒரு சொல்லில்தான் உண்மை இருக்கிறது. வள்ளுவர் சொல்வன்மைக்குத் தனி அதிகாரமே வகுத்ததன் பொருள் இங்கே விளங்கும்.

ஜப்பாரின் தனிச்சிறப்பு இந்த இடத்தில்தான். அவர் தமிழ் அழகாக இருந்தது; ஆனால் அழகு ஆட்டத்தை மறைக்கவில்லை. தெளிந்த உச்சரிப்பும் ஏற்ற இறக்கமும் கொண்ட குரல், நிகழ்ச்சிக்குப் பின்னால் நின்று வழிகாட்டியது. வானொலியோடு நில்லாமல் தொலைக்காட்சியிலும் வர்ணித்தார். ‘காற்று வெளியினிலே’ என்ற நூலையும் எழுதினார்.

இன்று கைப்பேசியிலேயே ஆட்டத்தைப் பார்க்கிறோம். தமிழ் வர்ணனைக்கும் பஞ்சமில்லை; முன்னாள் ஆட்டக்காரர்களே பேசுகிறார்கள். மகிழ வேண்டியதுதான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தொலைக்காட்சி வர்ணனையாளர் பார்த்துக்கொண்டிருப்பவனோடு பேசுகிறார்; வானொலி வர்ணனையாளர் பார்க்க முடியாதவனுக்காகப் பேசினார். வயலில் நின்றவன், தேநீர்க் கடையில் உழைத்தவன், பார்வையற்றவன் ஆகியோரை மனத்தில் வைத்துப் பேசிய பேச்சு அது. அந்தப் பேச்சுக் குறையும்போது நாம் இழப்பது ஒரு பொழுதுபோக்கை மட்டுமன்று. பிறர் கண்ணாக இருந்து பேசும் பழக்கத்தையும் இழக்கிறோம்.

ஐந்து வயது வரை பேசாதிருந்து பின் பாடத் தொடங்கியவர் என்று போற்றப்படும் குமரகுருபரர் பிறந்த ஊர் நம் ஸ்ரீவைகுண்டம். பேச்சின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் கல்லூரி விளையாட்டு விழாவில் ஒலிபெருக்கியைப் பிடிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெற்றி பெற்றவர் பெயரை மட்டும் அறிவித்து அமராதீர்கள். மைதானத்தின் மறுகோடியில், எதுவும் தெரியாமல் நிற்பவருக்கும் ஓட்டப்பந்தயம் கண்முன் ஓடும்படி நல்ல தமிழில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து ஊரில் பிறந்து தமிழுலகின் செவிகளில் வாழ்ந்த அந்தப் பெருமகனுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.